நிறைந்த கண்மாயில் வாத்து எங்கே?

அன்புள்ள ஐயா,

மேலூர் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பசுமைப்படை மாணவர்களோடு சேர்ந்து எங்கள் ஊர்க் கண்மாயில் 6 வருடமாகப் பறவைகளை எண்ணி வருகிறோம். பொங்கல் விடுமுறையில் ஒருநாள் காலையில் கரையில் நின்று எண்ணுவோம். முதல் வருடம் புள்ளிமூக்கு வாத்து மட்டும் 300க்கு மேல் இருந்தது. அதைப் பார்த்த ஆசையில்தான் எண்ணவே ஆரம்பித்தோம். இந்தப் பொங்கலுக்கு 32. கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்த வருடத்தில் இப்படி ஆனதுதான் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தண்ணீர் இருந்தால் வாத்து வரவேண்டாமா என்று கேட்கிறார்கள்.

ராக்கி மலைத்தொடரின் ஓடைகளில் வாழும் ஹார்லெக்வின் வாத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை வகுப்பில் வாசித்தோம். ஓர் ஓடையில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஜோடிகளை வைத்தே அங்கே பல ஆண்டுப் போக்கைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் அவ்வளவு சிறிய எண்ணை வைத்துச் சொல்லலாம் என்றால், 300 என்பது 32 ஆனதை வைத்து நாங்கள் சொல்லக்கூடாதா? ‘புள்ளிமூக்கு வாத்து அழிகிறது’ என்று நாளிதழுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுதலாம் என்று இருக்கிறோம்.

இன்னொன்று. கார்த்திகை மாதம் மீன் குத்தகை எடுத்தவர்கள் வலை போடத் தோதாக இருக்கட்டும் என்று ஓரத்துக் கோரையை வெட்டிக் காயப்போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

முத்துலட்சுமி

அன்புள்ள முத்துலட்சுமி,

கடிதத்திலிருந்து ஊரின் பெயரையும் கண்மாயின் பெயரையும் எடுத்துவிட்டேன். எந்தக் கண்மாயில் எத்தனை வாத்து இறங்குகிறது என்று பொதுவில் எழுதினால், கண்ணி வைப்பவர்களும் அதை வாசிப்பார்கள். இனி எங்கே எழுதினாலும் வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘அழிகிறது’ என்று எழுத வேண்டாம். கோரையைக் கொளுத்தியதைப் பற்றி எழுதுங்கள், இந்த வாரமே எழுதுங்கள். முதலாவதற்கு உங்கள் கையில் ஆதாரம் இல்லை. இரண்டாவதற்குக் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது.

உங்கள் கேள்வி மிக நியாயமானது. அங்கே சில ஜோடிகள் போதும் என்றால் இங்கே 300 ஏன் போதாது? எண் பெரிதா சிறிதா என்பதில் விஷயம் இல்லை. அந்தப் பறவை எப்படி வாழ்கிறது என்பதில் இருக்கிறது.

ஹார்லெக்வின் வாத்து சிறியது, அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள் இருக்கும். குளிர்காலத்தைப் பசிபிக் கரையில், அலை மோதும் பாறைகளின் ஓரமாகக் கழிக்கும். ஜோடி சேர்வதும் அங்கேதான். பனி உருகத் தொடங்கியதும் மலைக்கு ஏறும். நுரைத்து ஓடும் ஓடையில் மூழ்கி, அடிக்கற்களில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்களைத் தின்னும். இதில் பெண் வாத்துக்கு ஒரு குணம் உண்டு. தான் பிறந்த ஓடைக்கே திரும்பும். ஆண் அதன் பின்னாலேயே வரும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் நல்ல ஓடை இருந்தாலும் எளிதில் இடம் மாற்றிக்கொள்ளாது. எனவே ஓர் ஓடையில் 12 ஜோடி இருந்து பத்தாண்டில் 7 ஆனது என்று வைத்துக்கொண்டால், அந்த 5 ஜோடியும் வேறெங்கோ சுகமாக இருக்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஓடை ஒரு கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடு மாதிரி. சிறியது, ஆனால் அந்த ஊர்க் கணக்கு முழுக்க அதில் இருக்கும்.

அந்தப் பதிவேட்டையும் நினைத்த நேரத்தில் திறந்து வாசித்துவிட முடியாது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஆணும் பெண்ணும் ஓடையில் வெளிப்படையாக நிற்கும். அப்போது ஜோடிகளை எண்ணுவார்கள். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் கடலுக்குத் திரும்பிவிடும். ஜூன் நடுவில் போனால் ஆண் இல்லை, பெண் கூட்டுக்குள். ஓடையே காலியானது போல இருக்கும். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் மறுபடி நடந்தால் தாயும் குஞ்சுகளுமாகக் கண்ணில் படும். ஒரே ஓடை, ஒரே ஆண்டு. போகும் வாரத்தைப் பொறுத்து மூன்று வேறு எண்கள். ஓடையை நடந்தே எண்ணுகிறவர்கள், பறவை தங்களைக் கடந்து எந்தப் பக்கம் பறந்தது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மேலே போன ஜோடியை அடுத்த வளைவில் மறுபடி எண்ணிவிடுவோம்.

இரண்டு முறை எண்ணுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். இந்த வாத்து இரண்டு மூன்று வயதுக்கு முன் முட்டையிடாது, இட்டாலும் 5 முதல் 7 முட்டைதான். வளர்ந்த பறவை பல ஆண்டு வாழும். ஆகவே ஓர் ஓடையில் தொடர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஒரு குஞ்சுகூடத் தேறாவிட்டாலும் ஜோடிகளின் எண்ணிக்கை உடனே பெரிதாக அசையாது. அதே கிழட்டு ஜோடிகள் ஆண்டுதோறும் வந்து நிற்கும், தாளில் ‘நிலையாக இருக்கிறது’ என்று பதிவாகும். பிறகு திடீரென்று சரியும். குஞ்சுகளின் எண்ணிக்கை இதை முன்கூட்டியே காட்டிவிடும். தலைகீழாக, வளர்ந்தவை சாகிற இடத்தில் மீட்சி மிக மெதுவாகவே நடக்கும். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அந்தக் கரையோரத்தில் குளிர்காலம் கழித்த ஹார்லெக்வின் வாத்துகள் மீள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மலையோடை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கடற்கரையில் பட்ட அடி ஓடையின் கணக்கில் வந்து சேரும்.

இனி நம் புள்ளிமூக்கு. இது பிறந்த கண்மாய்க்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத பறவை. எங்கே தண்ணீர் தோதாக இருக்கிறதோ அங்கே இறங்கும், இன்று காலை ஒரு கண்மாய், சாயங்காலம் நெல் வயல், நாளை வேறு வட்டம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் பெருகியதும் நம் பக்கம் கூடு கட்டும். ஆக, உங்கள் 32 என்பது உங்கள் கண்மாயில் அன்று காலை கண்ணுக்குத் தெரிந்த வாத்தின் கணக்கு. அதற்குள் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. வட்டாரத்தில் மொத்தம் எத்தனை வாத்து, அதில் எத்தனை உங்கள் கண்மாய்க்கு வந்தது, வந்ததில் எத்தனை கண்ணில் பட்டது. நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது முதலாவதை. மற்ற இரண்டையும் பிரித்தெடுக்காமல் அது வெளியே வராது.

‘தண்ணீர் இருந்தால் வாத்து வரவேண்டாமா’ என்று பிள்ளைகள் கேட்டதை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு புள்ளிமூக்கு மேய்வதைக் கிட்டத்தில் பார்த்தால் விடை கிடைக்கும். அது முக்குளிப்பான் போல மூழ்கி இரை தேடும் பறவை இல்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, காலால் துழாவிக்கொண்டு அப்படியே தலைகீழாக நிற்கும். அலகு அடிச்சேற்றைத் தொட வேண்டும். உடலும் கழுத்தும் சேர்ந்து எட்டுகிற தூரம் சுமார் ஒரு முழம். அதற்கு மேல் ஆழம் போனால் அந்த இடம் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு இல்லை, மிதந்து ஓய்வெடுக்கும் இடம் மட்டுமே.

இப்போது மறுகால் பாய்கிற கண்மாயை நினைத்துப் பாருங்கள். மடைப் பக்கம் இரண்டாள் ஆழம். நடுவிலும் முழத்துக்கு மேல். முழங்கால் தண்ணீர் நிற்பது எதிர்க்கோடியில், உள்வாயின் (கண்மாய்க்குள் தண்ணீர் பரவி நிற்கும் பரப்பின்) மேல் விளிம்பில், கருவேல மரங்களுக்கும் கோரைக்கும் நடுவே. வாத்துகள் அங்கேதான் இருக்கும். நீங்கள் நிற்பதோ கரையில், அரைக் கிலோமீட்டர் தள்ளி. தை கழிந்து மாசியில் தண்ணீர் பாதியாக வற்றும்போது அந்த முழங்கால் ஆழம் உள்வாயின் நடுவுக்கு, திறந்த வெளிக்கு வந்துவிடும். மறைவும் இல்லை, வாத்து மொத்தமும் கண் முன்னால் நிற்கும். அதே வாத்துகள், அதே கண்மாய். நிறைந்திருக்கும்போது 32, வற்றும்போது 300 என்று எண்ண வாய்ப்பு உண்டு.

இதற்கு மேல் பரவலும் குவிதலும் இருக்கின்றன. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் எல்லாம் வெடித்துக் கிடக்க, தண்ணீர் மிஞ்சிய ஒன்றிரண்டில் பறவை வந்து குவியும். அந்த ஒன்றில் நின்று எண்ணுகிறவருக்கு ‘இந்த வருடம் அமோகம்’ என்று தோன்றும். உண்மையில் அது பஞ்சக் கூட்டம். 2021 போல மழை கொட்டித் தீர்த்த ஆண்டில் ஊரணி, குட்டை, வயல் என்று எங்கும் தண்ணீர். ஊருக்குப் பத்து வாத்தாகச் சிதறிவிடும். கண்மாய்க்குள் எண்ணிக்கை குறையும், வட்டாரத்தில் குஞ்சுகள் பெருகும். ஒரு கண்மாயின் எண் வாத்தின் நலத்துக்கு நேர் எதிராகவே ஓடக்கூடும் என்பதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் கண்மாய்ப் படம் போட்டுக் காட்டுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. ‘300ஐப் பார்த்த ஆசையில்தான் ஆரம்பித்தோம்.’ பறவை எண்ணுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது. எங்கே, எப்போது அதிகம் தெரிந்ததோ அங்கே அப்போது கணக்கைத் தொடங்குகிறோம். அசாதாரணமாக அதிகமான ஓர் ஆண்டை முதல் ஆண்டாக வைத்தால் அடுத்து வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும், இனத்துக்கு எதுவும் ஆகாவிட்டாலும். முதல் ஆண்டை மறைத்துவிட்டு மீதி ஐந்தை மட்டும் பாருங்கள். அப்போதும் தெளிவான இறக்கம் தெரிகிறதா? கண்மாய்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே தவறு வரும். பேர்பெற்ற பறவைக் கண்மாய்களையே எடுத்தால் அவற்றுக்கு இறங்குமுகம் மட்டுமே மிச்சம். இன்று வாத்தே இல்லாத கண்மாய்களும் பட்டியலில் இருந்தால்தான் ஓரிடத்தில் ஏறுவதும் தெரியும்.

சரி, எப்படி எண்ணுவது. ஒரு கண்மாயை 6 ஆண்டு எண்ணிய உழைப்பு இருந்தால் 12 கண்மாயை எண்ண முடியும். பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்து நான்கு குழு, குழுவுக்கு மூன்று கண்மாய், ஒரே காலை. பன்னிரண்டில் நான்கு பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வருகிற பெரிய கண்மாய்களாகவும், நான்கு மழையை மட்டும் நம்பிய மானாவாரிக் கண்மாய்களாகவும், மீதி சிறு கண்மாய், ஊரணிகளாகவும் இருக்கட்டும். எவையெவை என்பதைப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள், ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். எடுத்த பிறகு மாற்றவும் கூடாது. ஒன்று வறண்டு கிடந்தாலும் அன்று அங்கே போய் 0 என்று எழுத வேண்டும். ‘அங்கே என்ன இருக்கப்போகிறது’ என்று விட்டுவிட்டால் வறட்சி ஆண்டின் சராசரி பொய்யாக ஏறிவிடும். போகாத கண்மாய்க்குக் கட்டத்தை வெற்றாக விடுங்கள். 0 வேறு, வெற்று வேறு. வட அமெரிக்காவில் 1955 முதல் ஆண்டுதோறும் விமானத்தில் பறந்து வாத்துகளைக் கணக்கெடுக்கிறார்கள். பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் பறக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர்கள் வரைபடத்தில் இடைவெளியாகவே நிற்கின்றன.

நேரம் காலை 6.30 முதல் 9 மணிக்குள். நம் பக்கம் நிலம் தென்கிழக்காகச் சரிவதால் பெரும்பாலான கண்மாய்களுக்குக் கரை கிழக்கிலும் தெற்கிலும் இருக்கும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். அதே கரையில் மாலையில் நின்றால் எல்லாம் கரிய நிழல், புள்ளிமூக்குக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு குழுவும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பிரிவு கரையில் நிற்க, மற்றது உள்வாய்ப் பக்கம் போக வேண்டும், நான் மேலே சொன்ன முழங்கால் தண்ணீருக்காக. இரண்டு பிரிவும் ஒரே மரத்தையோ பாறையையோ எல்லையாகப் பேசி வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாதியை மட்டும் எண்ணட்டும். எண்ணும்போது கூட்டம் பறந்தால் எந்தத் திசை, எத்தனை, எத்தனை மணி என்று எழுதினால் அடுத்த கண்மாயில் அதையே மறுபடி எண்ணாமல் தப்பலாம்.

பொங்கல் விடுமுறை நல்ல ஏற்பாடுதான். 2015இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே நாட்களில் நடக்கிறது. ஆனால் 6 ஆண்டும் எந்த நாளில் எண்ணினீர்கள்? மாட்டுப் பொங்கல் அன்று காலையிலேயே ஊர் மாடெல்லாம் கண்மாயில் குளிக்கும். அன்று எண்ணிய எண்ணையும் தைப்பொங்கல் அன்று எண்ணிய எண்ணையும் பக்கத்தில் வைக்கக்கூடாது. இனி ஒரே நாளாக, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை நடத்தும் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பின் தேதி தெரிந்தால் அதையொட்டி வைப்பது இன்னும் நல்லது.

பெரிய கூட்டத்தை எண்ணுவதற்குப் பழக்கம் வேண்டும். வகுப்பிலேயே செய்யலாம். தட்டில் ஒரு கைப்பிடி பாசிப்பயறைக் கொட்டி, 10 நொடி பார்க்கவிட்டு மூடி, எத்தனை என்று கேளுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். பத்துப் பயறு எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்து, அந்த அளவால் தட்டை அளக்கப் பழக்குங்கள். இரண்டு வாரத்தில் கணிசமாகத் தேறுவார்கள். களத்தில் இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மூன்றாவது தடவை. மூன்றில் பெரியதை எடுக்க ஆசை வரும், நடுவில் நிற்பதை எழுதுங்கள். சேற்றுப் பூனைப்பருந்து மேலே வட்டமிட்டுக் கூட்டம் எழும்பிவிட்டால் 15 நிமிடம் பொறுத்து, அடங்கியதும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

புள்ளிமூக்கைத் தூரத்தில் அடையாளம் காண மூக்கை நம்பாதீர்கள். மஞ்சள் நுனியும் அலகடியில் சிவப்புப் புள்ளியும் 100 மீட்டருக்குள் அழகு, அதற்கு மேல் தெரியாது. உட்கார்ந்திருக்கும்போது முதுகின் பின்பகுதியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், பறக்கும்போது சிறகில் வெள்ளைக் கரையிட்ட பச்சைப் பட்டை. சீழ்க்கைச்சிறகி மெலிந்த கழுத்தோடு செம்பழுப்பாக, பகலில் பெரும்பாலும் ஓரத்தில் ஒடுங்கித் தூங்கும். நீலச்சிறகி, ஊசிவால், தட்டைவாயன் எல்லாம் விருந்தாளிகள், தனித்தனி வரிசையில் எழுதுங்கள். 8×42 பைனாகுலரில் 300 மீட்டருக்கு அப்பால் இனம் பிரிவது கடினம். அப்படித் தெரியாதவற்றை ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்று ஒரு வரிசையில் போடுங்கள். பிள்ளைகள் ஊகித்து நிரப்பினால், அடுத்த ஆண்டு நல்ல ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) ஒன்று கைக்கு வந்ததும் புள்ளிமூக்கு பெருகியது போலவோ குறைந்தது போலவோ ஒரு பொய்த் தாவல் வரும். புதிதாக ஒருவர் எண்ண வந்தாலும் அதே சிக்கல்தான். முதல் ஆண்டு பழையவரும் புதியவரும் ஒரே இடத்தில் தனித்தனியாக எண்ணி இரண்டையும் எழுதி வையுங்கள்.

வாத்தின் எண்ணுக்குச் சமமாக நீங்கள் எழுத வேண்டியது தண்ணீர் அளவு. மடையின் கல் தூணில் அடி அடியாகப் பெயின்ட் கோடு போட்டுவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் படித்துச் சொல்லும். அதோடு உள்வாயில் நான்கில் எத்தனை பங்கு தண்ணீர், ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது, எந்தப் பகுதி கண்ணுக்கு மறைவு, வலை போட்டிருந்தார்களா, இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும்.

கணக்கு பார்க்கும்போது மொத்தத்தை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடாதீர்கள். ஒரு கண்மாயில் 900 வாத்து ஒன்றாக இறங்கினால் மற்ற 11 கண்மாயும் என்ன ஆனது என்பதே தெரியாமல் போகும். பன்னிரண்டில் எத்தனை கண்மாயில் குறைந்தது ஒரு வாத்தாவது இருந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது, பறவை ஆர்வலர்கள் பதிந்த பட்டியல்களில் ஓர் இனம் எத்தனை பங்கில் இடம்பெறுகிறது என்று பார்க்கிறது. 942 இனங்களை எடுத்துக்கொண்ட அந்த அறிக்கையால் நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்குத்தான். அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தவற்றில் தட்டைவாயனும் கிளுவை வாத்தும் உண்டு. இவை இரண்டும் வடக்கே வெகுதொலைவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்துக்கு வருபவை. ராக்கி மலை வாத்துக்குக் கடற்கரை எப்படியோ, அப்படித்தான் இவற்றுக்கு நம் கண்மாய். இங்கே குறைந்தால் காரணம் இங்கேயே இருக்க வேண்டும் என்பதில்லை. புள்ளிமூக்கு நம்மிடமே பிறந்து வளர்வதால் அதன் கணக்கில் நம் பங்கு நேரடியானது.

எத்தனை ஆண்டு எண்ண வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓர் இனம் ஆண்டுக்கு 3 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டில் 100 என்பது 86 ஆகும். மழையைப் பொறுத்துப் பாதியாகவும் இரட்டிப்பாகவும் ஆடுகிற கணக்கில் இந்த 14 எங்கே தெரியும்? 10 ஆண்டில் 74. 25 ஆண்டில் 47, பாதிக்கும் கீழே. மெதுவான சரிவு கண்ணுக்குத் தெரிவதற்குள் பாதி போய்விடுகிறது. நான் நீண்ட கணக்கை இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான். உங்கள் 6 ஆண்டு ஏடுகளை ஒரு பக்கம்கூடத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இப்போது எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் பிள்ளை பெறுகிற காலத்தில் அந்த ஏடு பேசும்.

இந்த ஆண்டிலேயே பலன் தருகிற வேலையும் ஒன்று உண்டு, மலையோடையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குஞ்சுகளை எண்ணுங்கள். மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசி வரை, 15 நாளுக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்த நேரத்தில், உள்வாய்ப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தாயோடு எத்தனை குஞ்சு, எந்தப் பருவம். மஞ்சளும் பழுப்புமாக முழுக்கப் பஞ்சாக இருந்தால் முதல் பருவம், உடலில் இறகு முளைத்துக் கழுத்தில் மட்டும் பஞ்சு மிஞ்சியிருந்தால் இரண்டு, தாயைப் போலவே இருந்தும் பறக்க முடியாமல் தண்ணீரில் ஓடினால் மூன்று. முதல் பருவத்தில் தாய்க்கு எட்டும் மூன்றாம் பருவத்தில் ஒன்றுமாக இருந்தால் நடுவில் ஏதோ தின்கிறது, அல்லது வலையில் மாட்டுகிறது. முதல் பருவமே கண்ணில் படவில்லை என்றால் கூட்டிலேயே அழிகிறது.

இங்கே உங்கள் கோரை விஷயம் வருகிறது. புள்ளிமூக்கு மரத்தில் கூடு கட்டாது. தண்ணீருக்குப் பக்கத்தில், தரையில், புல்லுக்கும் கோரைக்கும் நடுவே வைக்கும். நாளுக்கு ஒரு முட்டையாக எட்டுப் பத்து முட்டை, பிறகு சுமார் 24 நாள் அடை. முதல் முட்டையிலிருந்து குஞ்சு இறங்கும் வரை ஐந்து வாரம் அந்த ஒரு சாண் இடம் கலையாமல் இருக்க வேண்டும். நம் பக்கம் கூடு வைக்கும் உச்சம் நவம்பர், டிசம்பர். கார்த்திகையில் கொளுத்தியது சரியாக அந்த ஐந்து வாரத்துக்குள் விழுகிறது. தப்பிய பறவை தண்ணீர் இருந்தால் மறுபடி கூடு வைக்கலாம். ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குப் பறக்க ஏழெட்டு வாரம் ஆகும், அதற்குள் ஓரத் தண்ணீர் பின்வாங்கிவிடும். வெறும் சேற்றில் நடந்து போகிற குஞ்சை நாயும் காகமும் விடாது.

எனவே மனுவில் இதை எழுதுங்கள். எந்த நாள், கரையின் எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் நீளம் வெட்டிக் கொளுத்தினார்கள் என்று. படம் இருந்தால் தேதியோடு. கண்மாய் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளதாக இருந்தால் நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்திடம் கொடுக்க வேண்டும், நகல் மாவட்ட வன அலுவலருக்கு. கேட்பது சிறியதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். ஐப்பசி முதல் தை முடிய உள்வாய்ப் பக்கக் கோரையை வெட்டவோ கொளுத்தவோ கூடாது, வலை இழுக்க மடைப் பக்கம் ஒரு துண்டு மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று அடுத்த ஏலத்தின் நிபந்தனையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். குத்தகைக்காரரிடமும் நேரில் பேசுங்கள். அவருக்கு வேண்டியது வலை இழுக்கிற இடம், வாத்துக்கு வேண்டியது மேல் விளிம்பு. இரண்டும் ஒரே இடம் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். நாம் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்.

அடுத்த முறை குடிமராமத்தோ தூர்வாரலோ வந்தால் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டவிடாதீர்கள். கிண்ணம் போலத் தோண்டிய கண்மாயில் தண்ணீர் நிற்கும், முழங்கால் ஆழம் இருக்காது.

கடந்த 6 ஆண்டின் தண்ணீர் அளவு உங்கள் ஏட்டில் இல்லை என்று நினைக்கிறேன். அதை இன்னும் மீட்கலாம். மடை திறக்கிற நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள். எந்த ஆண்டு மறுகால் போனது, எந்தப் பொங்கலுக்கு மடை எத்தனை அடி நின்றது என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளின் செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, அவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 6 வரிசைக்கும் பக்கத்தில் அந்த அளவை எழுதி எனக்கு அனுப்புங்கள். 300 வாத்து நின்ற அந்த முதல் பொங்கலில் மடையில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.